ஆனைமலையில் ஹனிமூன்: கேட் மூடும் முன் போய்ச் சேருவது எப்படி

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள், ராத்திரி ஏழரை மணிக்கு, நானும் அவரும் டாப்சிலிப் காட்டுக்குள் போகும் வழியிலுள்ள சேத்துமடை வனத்துறை செக்போஸ்ட்டுக்கு வெளியே காருக்குள் உட்கார்ந்திருந்தோம். டாப்சிலிப்பில் அறை போட்டிருந்தது, பணம் கட்டியிருந்தது, கையில் ரசீது இருந்தது, ஆனால் இருட்டின பிறகு காட்டுக்குள் வண்டி விடமாட்டார்கள் என்ற ஒரு விஷயம் மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கவில்லை. வழியில் அவருடைய சித்தப்பா வீட்டில் விருந்து, இரண்டாவது டம்ளர் பாயசம், அப்புறம் தாம்பூலம், அப்புறம் போட்டோ, இப்படியே நாலு மணி ஆறு மணியாகிவிட்டது. காவலர் நல்ல மனிதர்தான், "காலைல வாங்கம்மா, யானை நிக்கிற ரோடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முதல் ராத்திரியைப் பொள்ளாச்சியில் பஸ் ஹாரன் கேட்டுக்கொண்டே ஒரு லாட்ஜில் கழித்தோம்.

அதிலிருந்து எங்கள் சொந்தத்தில் யாருக்கு நிச்சயம் ஆனாலும் எனக்குத்தான் போன் வரும். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இது பொதுவான மலைப் பயணக் குறிப்பு இல்லை, ஆனைமலை ஒன்றைப் பற்றி மட்டும்தான். டாப்சிலிப், பரம்பிக்குளம், வால்பாறை, சின்னாறு, மூணாறு எல்லாம் ஒரே மலைத்தொடரின் வேறு வேறு பக்கங்கள், நடுவில் இரண்டு மாநில எல்லை ஓடுகிறது, அவ்வளவுதான். ஊட்டியும் கொடைக்கானலும் போகக் கூடாதா என்றால் தாராளமாகப் போங்கள். ஆனால் இரண்டுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ், சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்ற கணக்கு வேறு, அதையெல்லாம் தாண்டிப் போனால் தாவரவியல் பூங்காவில் உங்களுக்கு முன்னால் ஒரு முழுப் பள்ளிக்கூடமே வரிசையில் நிற்கும்.

காட்டில் ஹனிமூன் என்றால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதை இரண்டு பேரும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம் என்றால் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் ஒருவர் மனதில் காடு இருக்கும், இன்னொருவர் மனதில் நீச்சல் குளம் இருக்கும், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே "உங்க இஷ்டம்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். வனத்துறை விடுதியில் டிவி இருக்காது, போனில் சிக்னல் இருந்தால் அதிர்ஷ்டம், ராத்திரி எட்டு மணிக்கு மேல் அறையை விட்டு வெளியே நடக்க விடமாட்டார்கள், காலை ஆறு மணிக்கு எழுந்தால்தான் ஏதாவது கண்ணில் படும். பல விடுதிகளில் கட்டில் ஒற்றைக் கட்டிலாக இரண்டு கிடக்கும், அதிகாரிகள் வந்து தங்குவதற்காகக் கட்டிய கட்டடங்கள் அவை. இழுத்துச் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் மரத்தரை என்றால் சத்தம் போகும், பகலிலேயே போட்டுவிடுங்கள். இதெல்லாம் கேட்டு ஒருவர் முகம் சுருங்கினால் முதல் இரண்டு இரவைக் காட்டுக்குள்ளும் கடைசி இரண்டு இரவை மூணாறில் நல்ல ஓட்டலிலும் வைத்தால் சண்டை வராது.

எந்த மாதம் என்பதை ஜோசியர் ஏற்கெனவே முடிவு செய்திருப்பார். முகூர்த்தத்தை நகர்த்த முடியாது, ஆனால் ஹனிமூனை நகர்த்தலாம். கல்யாணம் முடிந்த அடுத்த நாளே கிளம்பியாக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. மறுவீடு, விருந்து, குலதெய்வம் கோயில் எல்லாம் முடித்து, ஒரு வாரமாகத் தூங்காத தூக்கத்தைத் தூங்கி எழுந்து, அப்புறம் போனால்தான் மலை கண்ணுக்குத் தெரியும். நாங்கள் பொள்ளாச்சி லாட்ஜிலிருந்து காலையில் ஒருவழியாக உள்ளே போய்ச் சேர்ந்து, அறைச் சாவியை வாங்கி, மத்தியானம் மூன்று மணி வரை தூங்கினோம். ஜன்னலுக்கு வெளியே மான் மேய்ந்ததாக அடுத்த அறைக்காரர் சொன்னார்.

தை மாதக் கல்யாணம் என்றால் உங்களுக்கு யோகம். வானம் தெளிவாக இருக்கும், காலையில் நல்ல குளிர், மூணாறு பக்கம் ஜனவரியில் சில நாள் அதிகாலையில் புல்வெளி உறைபனியில் வெளுத்துக்கிடக்கும். பொங்கல் விடுமுறை நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மாசி, பங்குனியில் இரண்டு சிக்கல். ஒன்று, மூணாறை ஒட்டிய இரவிகுளம் தேசியப் பூங்காவை வரையாடு குட்டி போடும் காலம் என்று பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் மூடிவிடுவார்கள். இரண்டு, காட்டுத்தீ. காய்ந்த புல் இருக்கும் நாட்களில் மலையேற்றப் பாதைகளை நிறுத்திவைப்பார்கள், சில வருடம் சஃபாரியும் நிற்கும். எதற்கு இந்தக் கெடுபிடி என்று எரிச்சல் வந்தால், 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். தீயில் 23 பேர் போனார்கள், அதில் புதுமணத் தம்பதியும் உண்டு. அதே சமயம் பரம்பிக்குளம் திறந்திருந்தால் மிருகம் பார்க்க இதுதான் நல்ல சமயம், காட்டுக்குள் ஓடைகள் வற்றி எல்லாம் அணைத் தண்ணீருக்கு வந்துவிடும்.

சித்திரை, வைகாசி எல்லோருக்கும் தெரிந்ததுதான், பள்ளி விடுமுறை, கூட்டம், அறை வாடகை இரண்டு மடங்கு. ஆனியில் கல்யாணம் செய்பவர்கள் தென்மேற்குப் பருவமழைக்குள் நேராகப் போய் விழுகிறார்கள். வால்பாறைப் பக்கம் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மழை மிக அதிகமாகப் பெய்யும் இடங்களில் ஒன்று. அங்கே ஜூலை மாதம் மழை என்றால் குடை பிடித்து ரசிக்கிற மழை இல்லை, மூன்று நாள் விடாமல் கொட்டும், துவைத்த துணி ஊருக்கு வந்துதான் காயும். ஆடியில் புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள் இல்லையா, அதற்கு என்னென்னவோ காரணம் சொல்வார்கள், மலை விஷயத்தில் மட்டும் அந்தப் பழக்கம் மிகச் சரி. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் மண் சரிந்து எழுபது பேர் போனார்கள், பெரும்பாலும் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். இரவிகுளத்தை ஒட்டித்தான் அந்த இடம். மழை எச்சரிக்கை இருக்கும்போது முன்பணம் போகிறதே என்று மலையேறாதீர்கள்.

என் கணக்கில் ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாசி முழுக்க அருமையான காலம். ஆவணிக் கல்யாணக்காரர்கள் ஒரு மாதம் பொறுத்துப் புரட்டாசியில் போகலாம், புரட்டாசியில் வேறு முகூர்த்தமும் கிடையாது, சொந்தத்தில் கல்யாணம் என்று யாரும் இழுக்கமாட்டார்கள். மழை ஓய்ந்து காடு பச்சை பிடித்து நிற்கும், அருவிகளில் தண்ணீர் இருக்கும், வார நாட்களில் கூட்டமே இருக்காது. அட்டை மட்டும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை வடகிழக்கு மழையில் மலைப்பாதைகளில் அங்கங்கே மண் சரியும், அன்றன்றைய நிலவரம் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். மார்கழியில் கல்யாணம் இல்லை, ஆனால் கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை மூணாறு பக்கம் தலை வைக்காதீர்கள்.

சரி, வழிக்கு வருவோம். மேப்பைப் பார்த்தால் டாப்சிலிப்பும் வால்பாறையும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும், வால்பாறையும் மூணாறும் அப்படித்தான் தெரியும். நம்பாதீர்கள். இவற்றுக்கு நடுவே இருப்பது காடு, நாம் போகும்படியான சாலை கிடையாது. ஒவ்வொரு தடவையும் கீழே சமவெளிக்கு இறங்கி, அடுத்த மலைப்பாதையில் மறுபடி ஏற வேண்டும். "காலையில் டாப்சிலிப், மத்தியானம் வால்பாறை, ராத்திரி மூணாறு" என்று ஒரு டிராவல்ஸ்காரர் என் தங்கைக்கு அட்டவணை போட்டுக் கொடுத்தார், அதில் அவர்கள் வண்டியிலேயே குடும்பம் நடத்தியிருப்பார்கள்.

என்னுடைய கணக்கு இது. ஏழு நாள் லீவு இருந்தால் டாப்சிலிப் அல்லது பரம்பிக்குளத்தில் இரண்டு இரவு, வால்பாறையில் இரண்டு இரவு, மூணாறில் இரண்டு இரவு. ஐந்து நாள் என்றால் மூணாறை வெட்டுங்கள். மூன்றே நாள் என்றால் ஒரே இடம், அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். இந்த வரிசையில் போவதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. டாப்சிலிப் சுமார் 750 மீட்டர் உயரம்தான், பெரிய குளிர் இருக்காது, வால்பாறை ஆயிரத்துச் சொச்சம், மூணாறு ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல். கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர் கூடும், வசதியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். மூணாறு ஓட்டல் மெத்தையிலிருந்து எழுந்து வனத்துறை விடுதிக்குப் போனால்தான் கஷ்டம்.

முதலில் பொள்ளாச்சி. கோயம்புத்தூரிலிருந்து 40 கிலோமீட்டர். பெட்ரோல், பணம், மாத்திரை, பிஸ்கட், டார்ச் எல்லாம் இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். டாப்சிலிப்பில் பெட்ரோல் பங்க் கிடையாது, ஏடிஎம் கிடையாது, மெடிக்கல் ஷாப்பும் கிடையாது. புதுத் தம்பதிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்க வேண்டியவை இருக்கும், கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக டாப்சிலிப் 35 கிலோமீட்டர் சொச்சம். பைக்கை உள்ளே விடமாட்டார்கள், கார் இல்லையென்றால் பொள்ளாச்சியிலிருந்து அரசுப் பேருந்து உண்டு, ஒரு நாளைக்குச் சில தடவைதான், நேரத்தை முந்தின நாளே பஸ் ஸ்டாண்டில் விசாரித்துவிடுங்கள். தங்கும் அறையை ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் இணையதளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும், நேரில் போய்க் கெஞ்சினால் கிடைக்காது. சனி, ஞாயிறு அறைகள் சீக்கிரம் போய்விடும், செவ்வாய், புதன் பார்த்துப் போடுங்கள், கல்யாண லீவில் இருப்பவர்களுக்கு எந்தக் கிழமையாக இருந்தால் என்ன. ஆதார் அட்டை இரண்டு பேருடையதும் அசல் வேண்டும். மணப்பெண் ஆதாரில் இன்னும் அப்பா பெயர்தான் இருக்கும், அதில் ஒன்றும் பிரச்சினை இல்லை, போனில் ஒரு கல்யாண போட்டோ இருந்தால் எந்தக் கேள்விக்கும் போதும்.

டாப்சிலிப் என்ற பெயரே மலை உச்சியிலிருந்து வெட்டிய தேக்கு மரத்தைச் சரிவில் உருட்டிவிட்டதால் வந்தது. அப்படி மொட்டையாகிப்போன காட்டில் மறுபடியும் தேக்கை வளர்த்தவர் ஹ்யூகோ வுட் என்ற வெள்ளைக்கார வனத்துறை அதிகாரி, கைத்தடியால் மண்ணைக் குத்திக் குத்தி விதை போட்டுக்கொண்டே நடப்பாராம். அவர் கல்லறை அங்கேயே தேக்குகளுக்கு நடுவில் இருக்கிறது, கல்லில் லத்தீனில் ஒரு வரி, என் நினைவிடம் எது என்று கேட்டால் சுற்றிலும் பார் என்ற அர்த்தத்தில். ஹனிமூனில் கல்லறையா என்று என்னவர் கேட்டார், போய்ப் பார்த்த பிறகு அங்கேதான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தோம். சஃபாரிக்கு வனத்துறை வண்டியில்தான் போக முடியும். காட்டு மாடு, புள்ளிமான், கருமந்தி, கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் யானை. புலி பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு போகாதீர்கள், பார்க்காமல் திரும்பினால் சொந்தக்காரர்கள் வருடக்கணக்காகக் கிண்டல் செய்வார்கள். கோழிகமுத்தி யானை முகாம் பக்கம், பழக்கிய யானைகளுக்குச் சாப்பாடு கொடுக்கும் நேரம் கேட்டுவைத்துப் போங்கள்.

என்னைக் கேட்டால் இரண்டு இரவையும் பரம்பிக்குளத்திலேயே வைத்துவிடலாம். கேரளாவில் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது, ஆனால் தரை வழியாகப் போக வேண்டுமென்றால் நம் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் போயாக வேண்டும், அதனால் இரண்டு மாநிலத்துக்கும் தனித்தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும், முகம் சுளிக்காமல் கட்டிவிடுங்கள். ஆனப்பாடியில் கூடாரங்கள், தூணக்கடவில் அணையைப் பார்த்த மர வீடு, இதையெல்லாம்விட வீட்டிக்குன்னு என்று அணைத் தண்ணீருக்கு நடுவில் ஒரு தீவு, அதில் ஒரே ஒரு விடுதி. புதுசாகக் கல்யாணமானவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இந்தப் பக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. பரம்பிக்குளம் புலிகள் காப்பகத்தின் தளத்தில் பதிவு செய்யலாம், கல்யாணத் தேதி முடிவான உடனே, மண்டபம் பிடிக்கும்போதே இதையும் பிடித்துவிடுங்கள். அங்கே தங்குபவர்களுக்குச் சாப்பாடு, வழிகாட்டி, சஃபாரி எல்லாம் சேர்த்தே வரும். வழிகாட்டிகள் பெரும்பாலும் அங்கேயே பிறந்து வளர்ந்த காடர், மலசர் மக்கள், நாம் யானை எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும்போது அவர்கள் மூக்கிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். கன்னிமாரா தேக்குக்கும் கூட்டிப்போவார்கள், அடிமரச் சுற்றளவு ஏழு மீட்டருக்குப் பக்கம், கைகோத்துக் கட்டிப்பிடிக்க நாலைந்து பேர் வேண்டும். வெட்டும்போது ரத்தம் வந்ததாகவும் அதனால் விட்டுவிட்டதாகவும் கதை.

மூன்றாம் நாள் காலை கீழே இறங்கி, வேட்டைக்காரன்புதூர், ஆனைமலை ஊர் வழியாக ஆழியாறு. வழியில் மாசாணியம்மன் கோயில். மாமியார் கட்டாயம் போகச் சொல்லியிருப்பார், வெள்ளிக்கிழமையும் அமாவாசையும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் அரை மணி நேரத்தில் வந்துவிடலாம். ஆழியாறில் மறுபடி செக்போஸ்ட். வால்பாறைக்கும் 2025 நவம்பரிலிருந்து இ-பாஸ் வந்துவிட்டது, வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இங்கேயும் இருட்டும் முன் மேலே போய்விட வேண்டும், மத்தியானத்துக்குள் ஆழியாறைத் தாண்டுவது என்று வைத்துக்கொண்டால் எந்தக் கவலையும் இல்லை. பிளாஸ்டிக் பாட்டிலைப் பிடுங்கிக்கொள்வார்கள், எவர்சில்வர் பாட்டில்கள் கல்யாணப் பரிசில் எப்படியும் நாலைந்து வந்திருக்கும், அதில் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர், ஆழியாறுக்கு மேல் 40 கொண்டை ஊசி வளைவு. வாந்தி வரும் ஆட்கள் கிளம்புவதற்கு அரை மணி முன்னாலேயே மாத்திரை போட்டுவிட வேண்டும், பத்தாவது வளைவில் போட்டுப் பிரயோஜனமில்லை. வயிறு நிறையவும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம், இரண்டு இட்லி. வெட்கப்பட்டுக்கொண்டு அடக்கி வைக்காதீர்கள், நான் எங்கள் பயணத்தில் இருபத்தேழாவது வளைவு வரை அடக்கினேன், அப்புறம் நடந்ததை எழுத விரும்பவில்லை, அந்தச் சட்டை அவருக்குக் கல்யாணத்துக்கு அவர் அத்தை எடுத்துக் கொடுத்தது. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ என்று ஒரு இடம், கீழே ஆழியாறு அணை முழுசாகத் தெரியும். இங்கிருந்து மேலே அட்டகட்டி என்ற ஊர் வரைக்கும் வலது, இடது பாறைகளைப் பார்த்துக்கொண்டே போங்கள், வரையாடு சாலையோரத்திலேயே நிற்கும். இரவிகுளம் மூடியிருக்கும் மாதத்தில் போகிறவர்களுக்கு நம் மாநில விலங்கைப் பார்க்க இதுதான் வழி. கிட்டே போய் பிஸ்கட் நீட்டாதீர்கள், தயவு செய்து.

வால்பாறையில் என்ன பார்ப்பது என்று பட்டியல் கேட்பார்கள். என்னிடம் பெரிய பட்டியல் இல்லை. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் துண்டு துண்டாக மழைக்காடு மிச்சமிருக்கும் ஊர் அது, காலையில் மெதுவாக வண்டியை ஓட்டிக்கொண்டு போனாலே போதும். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குக் கூட்டம் சாலையை ஒட்டியே வரும். ஜனவரி, பிப்ரவரியிலிருந்து மே வரை இருவாச்சிப் பறவை கூடு கட்டும், பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும், ஆண் பறவை மாதக்கணக்கில் பழம் கொண்டுவந்து கொடுக்கும். ஹனிமூன் ஜோடி என்று தெரிந்தால் வழிகாட்டிகள் தவறாமல் சொல்லும் கதை இது, சொல்லிவிட்டு மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்ப்பார்கள். நல்லமுடி வியூ பாயிண்ட் மஞ்சு விலகிய காலையில் நன்றாக இருக்கும், மூடியிருந்தால் வெள்ளைத் திரையைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். தங்குவதற்கு எஸ்டேட் பங்களாக்கள், ஹோம்ஸ்டே நிறைய. "ஹனிமூன் பேக்கேஜ்" என்று ரோஜா இதழில் இதயம் போட்டு, துண்டில் அன்னம் செய்து வைத்து, கேக்குக்குத் தனியாகக் காசு வாங்குவதற்குப் பதில், ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது, வெந்நீர் எத்தனை மணிக்கு வரும், ராத்திரி கேம்ப் ஃபயர் என்று பாட்டு போடுவார்களா என்ற மூன்று கேள்வியைக் கேளுங்கள். நாங்கள் ஒரு இடத்தில் மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் போய் மாட்டிக்கொண்டோம், நடு ராத்திரி வரை பத்துப் பதினைந்து பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே யானையும் சிறுத்தையும் தோட்டத்துக்குள்ளேயே நடமாடும். எந்த எஸ்டேட் பக்கம் யானை நிற்கிறது என்று எச்சரிக்கச் சிவப்பு விளக்குகள் பொருத்தியிருக்கிறார்கள், தோட்டத் தொழிலாளர்களுக்குப் போனில் செய்தியும் போகும். அந்த விளக்கு எரிந்தால் அழகாக இருக்கிறதே என்று போட்டோ எடுக்காமல் திரும்பி விடுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் கைகோத்து நடக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். சாலையில் யானை நின்றால் வண்டியைத் தூரத்திலேயே நிறுத்தி, ஹாரன் அடிக்காமல், இறங்காமல், அது போகும் வரை காத்திருக்க வேண்டும், பக்கவாட்டில் நுழைந்து போய்விடலாம் என்று கணக்குப் போடக் கூடாது. 2025 பிப்ரவரியில் இதே சாலையில் யானையைத் தாண்டிப் போகப் பார்த்து பைக்கில் வந்த ஜெர்மன்காரர் ஒருவர் இறந்துபோனார். ஒற்றை ஆண் யானை என்றால் இன்னும் தள்ளியே நில்லுங்கள்.

ஐந்தாம் நாள் வால்பாறையிலிருந்து இறங்கி உடுமலைப்பேட்டை, அங்கிருந்து மூணாறு 85 கிலோமீட்டர் சொச்சம். காலை எட்டு மணிக்கு வால்பாறையை விட்டால்தான் வெளிச்சத்தோடு மூணாறு சேரலாம். இந்தச் சாலை சின்னாறு காட்டுக்குள் புகுந்து போகிறது, ஆனைமலையின் மழை மறைவுப் பக்கம், அதனால் திடீரென்று முள்ளும் பாறையும் காய்ந்த மரமுமாக மாறிவிடும், காலையில் அட்டைக் கடி வாங்கியவர்களுக்கு நம்பவே முடியாது. சாம்பல் நிற மலை அணில் இங்கே இருக்கிறது, ஆற்றோர மரங்களில் பாருங்கள். ஆண்களுக்குத் தெரியாத ஒரு விஷயம், உடுமலை தாண்டினால் மறையூர் வரை சுத்தமான கழிப்பறை கிடைப்பது கஷ்டம், உடுமலையிலேயே ஒரு நல்ல ஓட்டலில் சாப்பிட்டு அந்த வேலையையும் முடித்துவிடுங்கள். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து, கல்யாண வாரம் முழுக்கவும் குடிக்காமல் இருந்து, மூணாறில் நீர்க்கடுப்போடு ஆஸ்பத்திரிக்குப் போன பெண்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர்.

மறையூரில் சந்தனக் காட்டைக் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம், மேலே பாறையில் முனியறைகள் இருக்கின்றன, பழைய காலத்துக் கல்திட்டைகள். மூணாறைப் பற்றி எழுத ஊரே இருக்கிறது, நான் சுருக்கமாக முடிக்கிறேன். இரவிகுளம் டிக்கெட்டை ஆன்லைனில் எடுத்து, காலை முதல் நேரத்துக்குப் போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் போனால் வனத்துறை பஸ்ஸுக்கே வரிசை. 97 சதுர கிலோமீட்டர் பூங்காவில் நம்மை விடுவது ராஜமலையில் ஒரு சின்னத் துண்டுக்குத்தான், 2695 மீட்டர் ஆனைமுடியைக் கீழேயிருந்து பார்க்கலாம், ஏற முடியாது. நீலக்குறிஞ்சி எங்கே என்று கேட்காதீர்கள், 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. மூணாறில் பாஷைப் பிரச்சினையே இல்லை, தோட்டத்து ஆட்கள் பாதிக்கு மேல் தமிழ்தான் பேசுவார்கள். மதுரை, தேனிப் பக்கத்து ஆட்கள் திரும்பும்போது பூப்பாறை, போடிமெட்டு வழியாக இறங்கிவிடலாம், வந்த வழியே போக வேண்டாம்.

மலையேற்றம் பிடித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் நாற்பது பாதைகளை ஆன்லைன் பதிவோடு திறந்தது, அதில் ஆழியாறு கால்வாய்க் கரை, டாப்சிலிப்பிலிருந்து பண்டாரவரை, வால்பாறை அருகே மானாம்பள்ளி மூன்றும் நம் வழியிலேயே வருகின்றன. வழிகாட்டி கூடவே வருவார். அனுமதி இல்லாமல் "எனக்கு ஒரு ரூட் தெரியும்" என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள், அபராதம் ஒரு பக்கம், குரங்கணி இன்னொரு பக்கம்.

பெட்டி கட்டுவது பற்றிப் பெண்களுக்கு மட்டும் கொஞ்சம். பட்டுப் புடவை ஒன்றுகூட வேண்டாம். கண்ணாடி வளையலைக் கழற்றச் சொல்ல மாட்டேன், சில வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் சஃபாரியில் குலுங்கும் சத்தத்துக்கு மான் ஓடிவிடும், ஒரு கைக்கு இரண்டு போதும். சிவப்பு, மஞ்சள் துணிகளை மூணாறுக்கு வைத்துக்கொண்டு காட்டுக்குப் பச்சை, பழுப்பு எடுங்கள். தாலி இன்னும் மஞ்சள் கயிற்றில் இருந்தால் நனைந்து நனைந்து கழுத்தில் ஒட்டும், அறைக்கு வந்ததும் துண்டால் ஒற்றிவிடுங்கள். மற்ற நகையெல்லாம் அம்மா வீட்டு பீரோவில் இருக்கட்டும். மாதவிடாய் நாள் தள்ளிப்போட மாத்திரை போட்டிருந்தால் அதை நிறுத்திய பிறகு எப்போது வரும் என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், பலருக்குப் பயணத்தின் நடுவில்தான் வரும். காட்டு விடுதியில் நாப்கினைப் போட இடம் இருக்காது, தாளில் சுற்றிப் பையில் வைத்துக் கீழே கொண்டுவந்து போட வேண்டும். அட்டைக்கு உப்பும் மூக்குப்பொடியும் கணுக்காலில் தேய்த்தால் ஏறாது, ஏறினாலும் பிய்த்து இழுக்காமல் உப்பு வையுங்கள், விழுந்துவிடும். மாப்பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று, காப்பகத்துக்குள் மது பாட்டில் கொண்டுபோகாதீர்கள், செக்போஸ்ட்டில் புது மனைவி முன்னால் டிக்கியைத் திறந்து காட்டச் சொல்வார்கள்.

வீட்டுக்கு என்ன வாங்குவது என்ற கேள்வி கடைசி நாள் வரும். தேயிலைத்தூள் எல்லாரும் வாங்குவார்கள். மறையூரில் சாலையோரக் கொட்டகைகளில் கரும்புச்சாறு காய்ச்சி உருண்டை பிடித்து வெல்லம் விற்பார்கள், 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய வெல்லம், சூடாக ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் ஒரே எடை வாங்குங்கள், உருண்டையை எண்ணி வாங்காமல் தராசில் வைத்து. நான் எண்ணி வாங்கினேன், பெரிய உருண்டை எல்லாம் எங்கள் அம்மா வீட்டுப் பைக்குள் போய்விட்டது. இன்னும் அந்தப் பேச்சு ஓயவில்லை.